ஊசி போடாத சொத்தைச் சிகிச்சை: குழந்தைக்கு எந்தக் கட்டத்தில் வலிக்கிறது, என்ன செய்யலாம்?

பால்பல் எழுதியது:

கைக்கருவியால் சுரண்டி கிளாஸ் அயனோமர் சிமெண்ட் வைத்து அடைக்கும் ஏ.ஆர்.டி., சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு, பல்லைச் செதுக்காமல் உலோக உறை மாட்டும் ஹால் முறை, சொத்தையை இளக்கும் பப்பெயின் (பப்பாளி நொதி) ஜெல். இந்த நான்கைப் பற்றியும் பெற்றோரிடம் பேசும்போது "ஊசி கிடையாது, டிரில் கிடையாது, வலிக்கவே வலிக்காது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். முதல் இரண்டும் பெரும்பாலும் உண்மை. மூன்றாவதைச் சொல்லவே கூடாது என்பது என் கருத்து. டிரில்லோடு ஒப்பிட்டால் வலி குறைவு, சந்தேகமில்லை. ஆனால் வலிக்காது என்று நம்பி வாயைத் திறந்த நாலு வயசுக் குழந்தைக்கு நடுவில் சுருக்கென்று குத்தினால், அடுத்த முறை அது வாயைத் திறக்காது.

ஒவ்வொரு முறையிலும் வலி வருகிற கட்டம் ஏறக்குறைய முன்கூட்டியே தெரிந்ததுதான். எந்தப் படியில், ஏன், அதற்கு என்ன செய்வது என்பதை இந்த இழையில் தொகுக்கலாமா? ஏ.ஆர்.டி.யை நான் தொடங்குகிறேன்.

சொத்தைக் குழியின் மேல்பக்கம் இருக்கும் ஈரமான, மெத்தென்ற டென்டினில் (பல்லின் மேலோடான எனாமலுக்கு அடியில் உள்ள பகுதி) கொலாஜன் என்ற புரத இழை சிதைந்து கிடக்கிறது. அதைச் சுரண்டும்போது குழந்தைக்கு ஒன்றும் தெரிவதில்லை. நரம்பு நுனிகள் இருப்பது டென்டின் நுண்குழல்களின் உள்முனையில், பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள பற்கூழை ஒட்டி. வலி வருவது இரண்டு இடங்களில். ஒன்று, எனாமலும் டென்டினும் சந்திக்கும் விளிம்பு. இங்கே உயிருள்ள டென்டின் சீக்கிரம் தட்டுப்பட்டுவிடும். இன்னொன்று குழியின் அடித்தளம். அடித்தளத்தில் தோல் போல உரியும் டென்டினை, ஆழமான குழி என்றால் கொஞ்சம் மெத்தென்ற டென்டினையே கூட, விட்டுவிடலாம். பற்கூழ் திறந்துகொள்ளாமல் இருக்க விட்டுவிடத்தான் வேண்டும். ஆனால் விளிம்பை விட முடியாது. சிமெண்ட் பிடித்து மூடுவது அங்கேதான். விளிம்பில் சொத்தை மிச்சமிருந்தால் அடைப்பின் ஓரம் கசியும். ஆக, கண்டிப்பாகச் சுத்தம் செய்ய வேண்டிய இடமும் கூசுகிற இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

அதனால் விளிம்பை முதலில் முடியுங்கள். குழந்தையின் பொறுமை முழுதாக இருக்கும் முதல் சில நிமிடங்களிலேயே அந்த வேலை நடக்கட்டும். அடித்தளத்தைக் கடைசியில் லேசாகத் தொட்டால் போதும்.

---

கைக்கருவி எழுதியது:

நல்ல இழை. பால்பல் சொன்னதோடு கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏ.ஆர்.டி.யில் வலி என்று வருகிற புகார்களில் கணிசமானவை மழுங்கிய எக்ஸ்கவேட்டரால் (சொத்தையைச் சுரண்டும் கரண்டிமுனைக் கருவி) வருபவை.

கூரான கரண்டிமுனை டென்டினைச் சீவி எடுக்கும். மழுங்கியது அழுத்தி இழுக்கும். அழுத்தம் கூடினால் நுண்குழலில் உள்ள திரவம் நகரும். அந்த நகர்ச்சியைத்தான் நரம்பு கூச்சமாக உணர்கிறது. கூர்மையைச் சோதிக்க, கட்டைவிரல் நகத்தின் மேல் முனையை லேசாக வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது, பிடித்து நின்றால் சரி. தட்டையான எண்ணெய்க் கல்லில் தீட்டலாம். தீட்டிய பிறகு மறுபடி கழுவி ஆட்டோகிளேவில் (நீராவிக் கிருமிநீக்கம்) வைத்த பிறகே வாய்க்குள் போக வேண்டும்.

அளவும் முக்கியம். சின்னது சுமார் 1 மி.மீ., நடுத்தரம் 1.5, பெரியது 2. விளிம்புக்கு எப்போதும் சின்னது. குழியின் வாய் சின்னக் கரண்டிகூட நுழையாத அளவுக்குக் குறுகலாக இருந்தால், ஹாட்செட் என்ற கோடரி போன்ற கைக்கருவியின் முனையை வைத்து முன்னும் பின்னுமாகத் திருப்பி வாயை அகலப்படுத்த வேண்டும். அடியில் டென்டின் தாங்குதல் இல்லாத எனாமல் அப்படியே உடைந்து வரும். எனாமலில் நரம்பு இல்லாததால் அது வலிக்காது. ஆனால் 'டக்' என்ற சத்தமும் அதிர்வும் குழந்தையைத் திடுக்கிட வைக்கும். "இப்போ டக்னு ஒரு சத்தம் வரும்" என்று முன்பே சொல்லிவிட்டால் அந்தத் திடுக்கிடல் அழுகையாக மாறாது. வாயை அகலப்படுத்தச் சோம்பிக்கொண்டு குறுகிய துளைக்குள் கரண்டியை நெம்பினால், கரண்டியின் முதுகு எதிர்ச் சுவரில் அழுத்தி வலிக்கும்.

ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். வலியைப் பற்றி இவ்வளவு பேசினால், வலித்தால் ஊசி போடு என்ற இடத்துக்கு வந்து நிற்போம். ஊசியைத் தவிர்ப்பதுதானே இந்த முறையின் உயிர்?

---

பால்பல் எழுதியது:

> கைக்கருவி: ஊசியைத் தவிர்ப்பதுதானே இந்த முறையின் உயிர்?

அப்படி நான் நினைக்கவில்லை. இந்த முறை 1980களின் நடுப்பகுதியில் தான்சானியாவில், மின்சாரமும் பல் நாற்காலியும் இல்லாத இடங்களுக்காக உருவாக்கப்பட்டது. 1994இல் உலக சுகாதார நிறுவனம் இதை உலக சுகாதார நாளில் முன்வைத்தது. தொடக்கத்திலிருந்தே சொல்லப்பட்டது "மரப்பு ஊசி அரிதாகவே தேவைப்படும்" என்பதுதான். போடவே கூடாது என்று தடை எதுவும் இல்லை. பல்லின் நல்ல பகுதியைக் காப்பாற்றுவதுதான் இதன் உயிர். விளிம்பில் இரண்டு முறை நிறுத்தியும் குழந்தை கையைத் தூக்குகிறது என்றால் இரண்டு வழி. அந்தப் பகுதியை நிறுத்தி, வெள்ளி ஃபுளோரைடு (சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு) தடவி, பிறகு ஒருநாள் அடைப்பது. அல்லது மரத்துப்போக வைத்து இன்றே முடிப்பது. "இன்னும் கொஞ்சம்தான், பொறுத்துக்கோ கண்ணா" என்று பிடித்துக்கொண்டு சுரண்டுவது மூன்றாவது வழியாக இருக்கக் கூடாது. அப்படிச் செய்யும் இடத்தில் மென்மையான சிகிச்சை என்ற பெயருக்கே பொருள் இல்லாமல் போகிறது.

---

கைக்கருவி எழுதியது:

பிடித்துக்கொண்டு சுரண்டக் கூடாது என்பதில் முழுச் சம்மதம். என் கவலை வேறு. பள்ளி முகாம்களில் ஊசி என்ற பேச்சு காதில் விழுந்தாலே வரிசையில் நிற்கிற மீதிக் குழந்தைகளும் மிரண்டுவிடும். ஆகவே தேவைப்படும் குழந்தையை முகாமில் தொடராமல், தற்காலிகமாக மூடிவிட்டு மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்வேன்.

கடைசிப் படிகளில் வரும் வலியைப் பலர் கவனிப்பதில்லை. சிமெண்ட் நன்றாகப் பிடிக்க, 10 சதவீத பாலிஅக்ரிலிக் அமிலத்தை 10 முதல் 15 விநாடி வைத்த பிறகு கழுவுகிறோம். குளிர்ந்த தண்ணீர் கூடாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சு உருண்டைகள் மூன்று நான்கு போதும். உலர்த்த காற்றுப் பீச்சி வேண்டாம். சுத்தம் செய்த டென்டின் மீது நேராகக் காற்று அடித்தால் நுண்குழல் திரவம் வெளியே இழுக்கப்படும், குழந்தை துள்ளும். அதோடு டென்டின் அளவுக்கு மீறிக் காய்ந்தால் சிமெண்டின் பிடிப்பும் குறையும். உலர்ந்த பஞ்சு உருண்டையால் ஒற்றி எடுங்கள்.

கன்னத்தின் உட்பக்கம் வைத்த பஞ்சுச் சுருள் காய்ந்து ஒட்டியிருக்கும். அதை அப்படியே இழுத்தால் தோல் உரியும். சாயங்காலம் குழந்தை வலி என்று காட்டுவது அந்தப் புண்ணைத்தான். எடுக்கும் முன் நனையுங்கள்.

---

அளவுகோல் எழுதியது:

வலியைக் குறைப்பது பற்றிப் பேசுகிறோம், யார் அளந்தது என்று கேட்கவில்லை. "குழந்தை சும்மாதான் இருந்தது, வலிக்கவில்லை" என்று மருத்துவர் எழுதுவதும் "பாவம், ரொம்ப வலிச்சிருக்கும்" என்று அம்மா சொல்வதும் அளவாகாது. பேசத் தெரிந்த குழந்தையைக் கேட்க வேண்டும்.

மூன்று வயதுக்கு மேல் வோங்–பேக்கர் முகங்கள், நான்குக்கு மேல் திருத்தப்பட்ட முகவலி அளவுகோல். இரண்டிலும் ஆறு முகங்கள், 0 முதல் 10 வரை. எனக்குப் பிடித்தது இரண்டாவது. முதலாவதில் 0 என்பது சிரிக்கும் முகம், 10 என்பது கண்ணீர் வடிக்கும் முகம். வலியே இல்லாமல் பயத்தில் அழுத குழந்தை 10ஐத் தொடும். வலித்தும் அழாமல் சமாளித்த குழந்தை கண்ணீர் முகத்தைத் தொடத் தயங்கும். திருத்தப்பட்ட அளவுகோலில் சிரிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. வலி ஏற ஏற முகம் சுருங்குவது மட்டுமே இருக்கிறது.

எட்டு வயது தாண்டியவர்களுக்கு 10 செ.மீ. கோட்டில், ஒரு முனை வலியே இல்லை, மறுமுனை மிக மோசமான வலி என்று வைத்து, குறிக்கச் சொல்லலாம். பேச்சு வராத சின்னக் குழந்தைக்கு ஃபிளாக்: முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10. இதற்கும் பயத்தையும் வலியையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. இரண்டு வயதுக் குழந்தையைப் படுக்க வைத்தாலே ஐந்து மதிப்பெண் வந்துவிடலாம்.

அதனால் மூன்று முறை எடுங்கள்: எதையும் தொடும் முன், வலிக்கக்கூடிய படி முடிந்தவுடன், எல்லாம் முடிந்து ஐந்து நிமிடம் கழித்து. முதல் எண் இல்லாமல் இரண்டாவது எண்ணுக்குப் பொருள் இல்லை. வரும்போதே 4 என்றிருந்த குழந்தை சுரண்டும்போதும் 4 என்றால் சுரண்டல் எதையும் கூட்டவில்லை.

கேள்வி கேட்கும் விதமும் எண்ணை மாற்றும். "வலிக்கலைதானே?" என்றால் இல்லை என்று தலையாட்டும். "ரொம்ப வலிச்சுதா?" என்றால் ஆமாம். "இப்போ பல்லு எப்படி இருக்கு? இதுல எந்த முகம் மாதிரி?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பெற்றோர் பதில் சொல்ல வாயெடுத்தால் மெதுவாகத் தடுத்துவிடுங்கள். நான்கு ஐந்து வயதுக்காரர்கள் வரிசையின் இரண்டு முனைகளிலும் உள்ள முகங்களில் ஒன்றையே தொடும் பழக்கமும் உண்டு. முதலில் "காகிதம் கன்னத்தில் பட்டா எந்த முகம்? கீழே விழுந்து முட்டி சிராய்ச்சா எந்த முகம்?" என்று கேட்டுப் பார்த்தால், குழந்தைக்கு அளவுகோல் புரிகிறதா என்று தெரிந்துவிடும்.

---

கருந்துளி எழுதியது:

வெள்ளி ஃபுளோரைடு பற்றி என் பங்கு. இந்த நான்கில் வலி மிகக் குறைவானது இதுதான். சுரண்டல் கிடையாது. 38 சதவீதக் கரைசல், ஃபுளோரைடு ஏறக்குறைய 44,800 பிபிஎம். வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடு பல்லை இறுக்கும், நுண்குழல் வாய்களும் அடைபடும். அமெரிக்காவில் 2014இல் இதற்கு அனுமதி கிடைத்ததே பல்கூச்சத்தைக் குறைக்கத்தான். 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்ந்தது.

குழந்தை முகம் சுளிப்பது பெரும்பாலும் சுவைக்கு. உலோகக் கசப்பு நாக்கில் பட்டவுடன் துப்பும், அழும். அதை வலி என்று எழுதிவிடுகிறார்கள்.

உண்மையான எரிச்சல் வருவது ஈறில். கரைசல் காரத்தன்மை கொண்டது, பிஎச் 10 அளவில் இருக்கும். ஈறில் பட்டால் வெள்ளையாகப் பொரிந்து ஓரிரு நாளில் ஆறும். ஏற்கெனவே வாய்ப்புண்ணோ ஈறுப்புண்ணோ இருந்தால் நன்றாகவே எரியும். அன்று தடவ வேண்டாம், புண் ஆறட்டும். வெள்ளி ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இது அறவே கூடாது.

செய்முறையில் வலியோடு தொடர்புள்ளதை மட்டும் சொல்கிறேன். உதட்டிலும் பல்லை ஒட்டிய ஈறிலும் வாஸ்லைன். பல்லின் மேல் வாஸ்லைன் படக் கூடாது, பட்டால் மருந்து பிடிக்காது. குழியில் அடைந்திருக்கும் உணவைப் பஞ்சால் துடைத்து எடுங்கள். பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒரே ஒரு சொட்டு. நுண்தூரிகையை நனைத்து, கிண்ணத்தின் ஓரத்தில் ஒற்றி, சொத்தையில் மட்டும் தொட்டு ஒரு நிமிடம் வைத்திருங்கள். மிஞ்சியதைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். ஒரு சொட்டு நான்கைந்து பல்லுக்குப் போதும். 10 கிலோ எடைக்கு ஒரு சொட்டு என்பதை ஒரு வருகைக்கான உச்சமாக வைத்துக்கொள்ளலாம். மேலே ஃபுளோரைடு வார்னிஷ் பூசினால் கசப்பு அடங்கும், மருந்தும் எச்சிலில் கரையாது.

ஒரு நிமிடம் என்பது மூன்று வயதுக்கு மிக நீளம். பத்துப் பத்தாக எண்ணுங்கள், ஒவ்வொரு பத்துக்கும் குழந்தையின் ஒரு விரலை மடக்குங்கள். எத்தனை விரல் பாக்கி என்று அதுவே பார்த்துக்கொண்டிருக்கும்.

சொத்தை நிரந்தரமாகக் கறுக்கும். இதைப் படம் காட்டிச் சொல்லி, பெற்றோரின் சம்மதம் வாங்காமல் பாட்டிலைத் திறக்கவே கூடாது. தோலில் பட்ட கறை ஓரிரு வாரத்தில் போகும், துணியில் பட்டது போகாது.

---

பள்ளிமுகாம் எழுதியது:

கருந்துளி, ஒரு கேள்வி. தடவிய அன்றிரவே பல் வலி என்று சில பெற்றோர் அழைக்கிறார்கள். மருந்தால் வந்த வலியா?

---

கருந்துளி எழுதியது:

பெரும்பாலும் இல்லை. அந்தப் பல்லைத் தேர்ந்தெடுத்ததே தப்பாக இருந்திருக்கும். பற்கூழ் ஏற்கெனவே மீள முடியாத அழற்சியில் இருந்தால் வெள்ளி ஃபுளோரைடு, ஏ.ஆர்.டி., ஹால் உறை எதுவும் வேலை செய்யாது. அடைத்து மூடினால் உள்ளழுத்தம் கூடி வலி அதிகமாகவும் வாய்ப்புண்டு. பற்கூழ் திறந்து கிடக்கும் குழியில் இந்த மருந்து பட்டால் அந்தத் திசுவே செத்துப்போகும்.

ஆகவே எந்த மென்மையான முறைக்கும் முன்னால் வலியின் கதையைக் கேளுங்கள். இனிப்போ குளிர்ந்ததோ பட்டால் கூசி, எடுத்தவுடன் சில விநாடியில் நின்றுவிடுகிறதா? தொடரலாம். ஒன்றும் படாமல் தானாக வலிக்கிறதா, தூக்கத்தில் எழுந்து அழுகிறதா, விண்விண் என்று தெறிக்கிறதா, வலிமாத்திரை கொடுத்தால்தான் தூக்கமா? நிறுத்துங்கள். பிறகு ஈறைப் பாருங்கள்: வேர்ப்பக்கம் கொப்புளம், சீழ்த்துளை, வீக்கம். பல்லை இரண்டு கருவிப்பிடிகளுக்கு நடுவில் வைத்து ஆட்டிப் பாருங்கள். விழும் வயது வராத பால்பல் ஆடக் கூடாது. இதில் ஒன்று இருந்தாலும் பற்கூழ் சிகிச்சை அல்லது பல் எடுப்பு, இரண்டில் ஒன்றுதான்.

ஏமாற்றுகிற ஒரு வலியும் உண்டு. இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் குழி விழுந்து, சாப்பிட்டது அங்கே திணிந்து, ஈறு நசுங்கி வலிக்கும். சாப்பிடும்போதும் சாப்பிட்ட பிறகும் வரும், திணிந்ததை எடுத்தால் போகும். அந்தப் பல்லின் நரம்பு நன்றாகவே இருக்கலாம். எக்ஸ்ரே இருந்தால் பாருங்கள், அவசரப்பட்டுப் பல்லைப் பிடுங்க வேண்டாம்.

---

வெள்ளியுறை எழுதியது:

அந்த நடுக்குழிகளுக்கு ஏ.ஆர்.டி. பொருத்தமில்லை என்பேன். ஒரே பரப்பில் இருக்கும் குழிக்கு அது நன்றாகத் தாங்கும். இரண்டு பரப்பைத் தொடும் குழியில் அடைப்பு உடைவதும் விழுவதும் அதிகம். வலியும் கூடுதல். பல்லைச் சுற்றிப் பட்டை கட்டி, அது நகராமல் பற்களுக்கு நடுவில் ஆப்பு செருக வேண்டும், அந்த ஆப்பு நேராக ஈறின் முனையில் ஏறும். சிகிச்சை முழுவதிலும் குழந்தைக்கு அதிகம் வலிப்பது அந்த ஆப்புதான். செருகியே ஆக வேண்டுமென்றால் ஈறில் மரப்பு ஜெல்லாவது தடவுங்கள்.

இங்கே ஹால் உறையே மேலானது. பல்லைச் செதுக்குவதும் இல்லை, சொத்தையை எடுப்பதும் இல்லை. ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற பல் மருத்துவர் செய்து காட்டிய வழி. எஃகு உறைக்குள் கிளாஸ் அயனோமர் நிரப்பி அழுத்தி மாட்டினால் சொத்தை உள்ளேயே அடைபட்டுப் பட்டினி கிடந்து நின்றுவிடும். எக்ஸ்ரேயில் சொத்தைக்கும் பற்கூழுக்கும் நடுவே தெளிவாக டென்டின் பட்டை தெரிந்தால் மட்டும் செய்யுங்கள். நிக்கல் ஒவ்வாமை இருக்கிறதா என்று கேளுங்கள்.

வலி மூன்று இடத்தில். முதலாவது பிரிப்பான் வளையம். பற்கள் நெருங்கி இருந்தால் மூன்று முதல் ஐந்து நாள் முன்பு ரப்பர் வளையத்தை நடுவில் செருகுகிறோம். முதல் நாள் அழுத்தமாக வலிக்கும், பிறகு பழகிவிடும். இதைச் சொல்லாமல் அனுப்பினால் வீட்டில் யாராவது வளையத்தைப் பிடுங்கிவிடுவார்கள். தானாகக் கழன்று விழுந்தாலும் பரவாயில்லை, இடம் கிடைத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். செருகும்போது இரண்டு ஃபிளாஸ் நூலில் இழுத்துப் பிடித்து, பாதி வளையம் மட்டும் தொடர்புப் புள்ளிக்கு (பற்கள் ஒன்றையொன்று தொடும் இடம்) கீழே போக வேண்டும். முழு வளையமும் ஈறுக்குள் போனால் அங்கேயே புதைந்து வீங்கும்.

இரண்டாவது, உறையை அழுத்தும் அந்தச் சில விநாடிகள். ஈறு வெளுக்கும், இறுக்கிப் பிடிப்பது போல இருக்கும். சில நிமிடங்களில் நிறம் திரும்பும், இறுக்கமும் விடும். எல்லா முகடுகளையும் மூடுகிற உறைகளில் மிகச் சின்னதைத் தேர்ந்தெடுங்கள். பெரிய உறை போட்டால் ஓரம் ஈறுக்குள் ஆழமாக இறங்கி நாள்கணக்கில் வலிக்கும். விரலால் தொடர்புப் புள்ளி வரை இறக்கிவிட்டு, பஞ்சுச் சுருளைக் குழந்தையே கடித்து அழுத்தட்டும். அழுத்தம் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் குழந்தை நன்றாக ஒத்துழைக்கும். சிமெண்ட் இறுகும்வரை கடியை விடக் கூடாது. விட்டால் உறை மேலெழும்பும்.

மூன்றாவது, உயர்ந்த கடி. மாட்டியவுடன் அந்தப் பல்தான் முதலில் இடிக்கும்; ஒரு மி.மீ. அளவுக்கு வாய் மூடாமல் நிற்பது வழக்கம். சில வாரங்களில் பற்கள் நகர்ந்து சரியாகிவிடும். அன்றைக்கு மெல்ல எளிதானதைக் கொடுங்கள். உறையைத் தேய்த்துக் குறைக்க வேண்டாம், ஓட்டை விழும்.

கூடவே பாதுகாப்பு. குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, நாக்குக்குப் பின்னால் காஸ் துணியை விரித்து, மாட்டிப் பார்க்கும்போது உறையை விரலோடு ஒட்டுப்பட்டையால் இணைத்துக்கொள்ளுங்கள். எச்சிலில் வழுக்கும் உறை மூச்சுக்குழாய்க்குள் போகும் அபாயம் உண்மையானது.

---

கைக்கருவி எழுதியது:

பப்பெயின் ஜெல் பற்றி யாரும் தொடவில்லை. சுருக்கமாக: ஜெல்லை வைத்து 30 முதல் 60 விநாடி, சொத்தை இறுகியிருந்தால் மேல் எல்லையை ஒட்டி. பிறகு கரண்டியை அழுத்தாமல், ஊசலாட்டம் போல இப்படியும் அப்படியும் அசைத்து எடுக்க வேண்டும். ஜெல் கலங்கி வந்தால் மறுபடி வையுங்கள், கலங்காமல் வந்தால் நிறுத்துங்கள். நல்ல திசுவில் பப்பெயினைத் தடுக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதம் இருப்பதால், சிதைந்த கொலாஜனை மட்டுமே அது தாக்கும் என்பது விளக்கம். டிரில்லை விட வலி குறைவு, நேரம் அதிகம். பொறுமையில்லாத மூன்று வயதுக்கு அந்த நேரமே துன்பமாகிவிடும். எனக்கு இது ஐந்து ஆறு வயதுக்கு மேல், ஆழமான ஒன்றிரண்டு குழிகளுக்கு மட்டும்.

---

பள்ளிமுகாம் எழுதியது:

ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லில், தொட்டாலே கத்துகிற குழந்தைகள் சிலர் உண்டு. குழி சின்னதுதான். பல் துலக்கவே விடுவதில்லை என்கிறார்கள்.

---

பால்பல் எழுதியது:

அது வெறும் சொத்தையாக இல்லாமலும் இருக்கலாம். வெட்டுப்பற்களில் பால்வெள்ளையோ பழுப்போ திட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது மோலார்–இன்சைசர் ஹைப்போமினரலைசேஷன். எனாமல் உருவாகும்போதே தாது குறைந்து நுண்துளைகளோடு முளைக்கிறது. அந்தத் துளைகள் வழியாகக் கிருமி போய் பற்கூழ் எப்போதுமே லேசான அழற்சியில் இருக்கும். காற்றுப்பீச்சி பட்டால்கூடத் தாங்காது. மரப்பு ஊசியும் சரியாகப் பிடிக்காத பற்கள் இவை. இங்கே "ஊசி வேண்டாம், சும்மா சுரண்டிவிடலாம்" என்று இறங்குவது பெரிய தவறு. முதல் வருகையில் பஞ்சால் ஒற்றி, கிளாஸ் அயனோமரை விரலால் அழுத்தி மூடிவிடுங்கள். மூடியபின் கூச்சம் தணியும். ஓரிரு மாதம் கழித்து நிரந்தர வேலையை முழு மரப்போடு செய்யலாம். துலக்க வெதுவெதுப்பான தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: நிறுத்தச் சொல்லும் சைகை. இடது கையைத் தூக்கினால் நிறுத்துவேன் என்று சொல்லிவிட்டு, தூக்கியபோது நிறுத்தாமல் இருந்தால் அந்தச் சைகையைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். தொடங்கும் முன் ஒத்திகை பாருங்கள். கரண்டியை நகத்தின் மேல் ஓட்டிக் காட்டி, "கையைத் தூக்கு பார்க்கலாம்" என்று சொல்லி, தூக்கியவுடன் கருவியை வாயருகிலிருந்து முழுதாக எடுத்துவிடுங்கள். சோதித்துப் பார்க்கவே சில குழந்தைகள் முதலில் இரண்டு மூன்று முறை தூக்கும். ஒவ்வொரு முறையும் நிறுத்துங்கள், பிறகு தூக்குவது தானாகக் குறையும்.

---

மருந்துச்சீட்டு எழுதியது:

வலிமருந்து அளவு பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். இந்த முறைகளுக்குப் பிறகு பெரும்பாலான குழந்தைகளுக்கு எதுவும் தேவைப்படாது. பிரிப்பான் வளையத்தின் முதல் நாள், ஹால் உறை போட்ட மாலை, இந்த இரண்டுக்கும் கேட்டால் பாரசிட்டமால் போதும்.

ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 15 மி.கி., குறைந்தது 4 முதல் 6 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் இல்லை. 14 கிலோ குழந்தைக்கு 210 மி.கி. தவறு நடப்பது எங்கே என்றால் மில்லிலிட்டரில். 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 8.75 மி.லி., 5 மி.லி.யில் 250 மி.கி. என்றால் 4.2 மி.லி., மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சொட்டுமருந்து என்றால் 2.1 மி.லி. "ஒரு ஸ்பூன் கொடுங்க" என்று சொல்லி அனுப்பினால் எது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. செறிவையும் மி.லி.யையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள், அளவிட ஊசியில்லாத சிரிஞ்ச் கொடுங்கள்.

ஐபுபுரோஃபென் என்றால் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி., 6 முதல் 8 மணிக்கு ஒருமுறை, சாப்பிட்ட பிறகு. வாந்தி, நீரிழப்பு, அம்மைக்கொப்புளம், ரத்தக்கசிவுக் கோளாறு, வலிமருந்தால் தூண்டப்படும் ஆஸ்துமா இருந்தால் வேண்டாம். ஆஸ்பிரினைக் குழந்தைகளுக்குத் தொடவே வேண்டாம், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறி வரும் அபாயம். இரண்டு வயதுக்குக் கீழே பென்சோகெய்ன் கலந்த ஈறு ஜெல்லும் கூடாது. ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனையே அது குறைத்துவிடக்கூடும்.

மரப்பு ஊசி தேவைப்பட்டால்: 2 சதவீத லிக்னோகெய்ன் என்றால் 1 மி.லி.யில் 20 மி.கி. கிலோவுக்கு 4.4 மி.கி. உச்சம். 14 கிலோவுக்கு 61 மி.கி., ஏறக்குறைய 3 மி.லி. ஒரு பால்பல்லுக்கு 1.8 மி.லி. கார்ட்ரிட்ஜில் பாதிகூடப் பல நேரம் போதும். ஈறில் தடவும் லிக்னோகெய்ன் ஜெல்லையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

---

பால்பல் எழுதியது:

மருந்துச்சீட்டுக்கு நன்றி. ஊசி போடும் விதத்தையும் சேர்த்துவிடுகிறேன், இந்த இழையில் ஊசிதானே வில்லனாக நிற்கிறது. ஈறை உலர்த்திவிட்டு ஜெல் தடவி இரண்டு நிமிடம் முழுதாகக் காத்திருங்கள். ஈரமான ஈறில் அரை நிமிடம் தடவிய ஜெல் வேலை செய்யாது. கன்னத்தை இழுத்து இறுக்கமாகப் பிடித்து, நிமிடத்துக்கு 1 மி.லி.க்கு மேல் போகாத வேகத்தில் செலுத்துங்கள். ஊசி நுழைவதை விட மருந்து வேகமாகப் பாய்வதுதான் அதிகம் வலிக்கிறது. ஊசி போட்ட பிறகு இரண்டு மூன்று மணி நேரம் உதடும் கன்னமும் மரத்திருக்கும். குழந்தை அதைக் கடித்துப் புண்ணாக்கும். மறுநாள் வீங்கி வெளுத்து வந்து சீழ் என்று பயமுறுத்தும். உணர்வு திரும்பும்வரை சாப்பிடக் கொடுக்காமல், பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

---

பள்ளிமுகாம் எழுதியது:

கடைசியாக ஒன்று. இரண்டரை வயதுக்கு நாற்காலியும் இல்லாத இடத்தில் வெள்ளி ஃபுளோரைடு தடவ எப்படி உட்கார வைப்பது?

---

கருந்துளி எழுதியது:

முழங்காலோடு முழங்கால். நீங்களும் அம்மாவும் எதிரெதிரே இரண்டு சாதாரண நாற்காலியில், முட்டிகள் இடிக்கும்படி உட்காருங்கள். குழந்தை முதலில் அம்மாவைப் பார்த்தபடி மடியில், கால்கள் அம்மாவின் இடுப்பைச் சுற்றி. பிறகு மெதுவாகப் பின்னால் சாய்த்து, தலை உங்கள் மடியில். அம்மா இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ளட்டும். குழந்தைக்கு அம்மா முகம் தெரிந்துகொண்டே இருக்கும், உங்களுக்கு மேல்பற்கள் நன்றாகத் தெரியும்.

இந்த வயதில் அழும். அழும்போது வாய் திறந்திருப்பதால் பார்க்க முடியும், ஆனால் எச்சில் அதிகம் ஊறும். ஒரு பக்கப் பற்களை முடித்து, நிமிர்த்தி அம்மா தோளில் சாய்த்துவிட்டு, அடங்கிய பிறகு மறுபக்கம். ஒரு நிமிடம் முழுதாகக் கிடைக்காவிட்டால் கிடைத்த நேரத்தில் தடவி ஒற்றி, வார்னிஷ் பூசி விடுங்கள். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் திரும்பப் பாருங்கள். கறுத்து, கருவிமுனையை லேசாக ஓட்டினால் கடினமாக இருந்தால் சொத்தை நின்றுவிட்டது. பழுப்பாக மெத்தென்று இருக்கும் இடத்தில் மட்டும் மறுபடி தடவி, அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை.